சஸ்டெயின் எனக்கு வேண்டாம்

பேஸ் கிட்டார் வாங்கப் போகிற பெடியங்கள் கடையில் செய்கிற முதல் வேலை, ஒரு கம்பியைத் தட்டிவிட்டு அது எவ்வளவு நேரம் நின்று கேட்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பது. விற்கிறவரும் "பாருங்கோ தம்பி, என்ன சஸ்டெயின்!" என்பார். எனக்குச் சிரிப்புத்தான் வரும். கோயில் திருவிழாவில் இரவு முழுக்கப் பாட்டுக்கு வாசிக்கிறவனுக்கு அரை நிமிடம் நிற்கிற நோட் எதற்கு? நோட்டைத் தொடங்க எல்லாருக்கும் தெரியும். அதைச் சரியான இடத்தில் முடிக்கிறவனைத்தான் அடுத்த கச்சேரிக்கும் கூப்பிடுவார்கள்.

மிருதங்கக்காரரின் இடது கையைக் கொஞ்ச நேரம் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். தொப்பிப் பக்கத்தில் 'தொம்' திறந்து ஒலிக்கும், 'த' அதே தோலில் கையை வைத்து அடைத்துவிடும், பாட்டின் நடை இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஓடுகிறது. எங்கள் பேஸ்காரர்களில் பாதிப்பேர் முழுநேரமும் தொம் தொம் தொம்தான். கீபோர்டின் இடது கையும் கிக் டிரம்மும் அதே கீழ்ச்சுருதி இடத்தில் நின்று சத்தம் போட, கல்யாண மண்டபம் என்றால் சீமெந்துச் சுவர் வேறு எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப, சனத்துக்குக் கேட்பது வெறும் உறுமல்.

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். பேஸின் நான்கு கம்பிகள் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. ஜி கம்பியின் 4ஆவது பிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பி நோட்டை நன்றாகத் தட்டிவிட்டு உடனே அந்தக் கம்பியை மட்டும் அடக்குங்கள், மற்றக் கம்பிகளில் கை படக்கூடாது. பி இன்னும் கேட்கும். கேட்பது ஈ கம்பியிலிருந்து. ஈ 41.2 ஹேர்ட்ஸ், அதன் மூன்று மடங்கு 123.6, நீங்கள் தட்டிய பி 123.5. அதனால் நீங்கள் தொடாமலே அது சேர்ந்து பாடுகிறது. டி கம்பியின் 7ஆவது பிரெட்டில் ஏ வாசித்தால் சும்மா கிடக்கிற ஏ கம்பியும் இதையேதான் செய்யும். இதனால்தான் வலது கைப் பெருவிரலைப் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) மேல் நிரந்தரமாகக் குடியிருத்தக் கூடாது என்கிறேன். டி வாசிக்கும்போது அது ஈ கம்பியில் கிடக்கட்டும், ஜிக்குப் போனால் ஏ கம்பிக்கு இறங்கி, சரிந்து ஈயையும் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். இடது கையில் இன்னொரு சிக்கல். அடக்கும்போது ஒரு விரல் மட்டும் பட்டால், அதுவும் 5, 7, 12 பிரெட்டுகளுக்கு நேரே என்றால், நோட் நிற்பதற்குப் பதிலாக மணி மாதிரி ஒரு மேல்சுருதி, ஹார்மோனிக் என்பது, கிளம்பும். இரண்டு விரலாவது படவேண்டும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைக் கம்பனியின் பதிவுகளுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்தது ஒரு 1962 பெண்டர் பிரெசிஷன் பேஸ். பிளாட்வவுண்ட் கம்பி (தட்டையான நாடா சுற்றிய வழவழப்பான கம்பி), பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் உட்காருகிற இடம்) மூடிக்கு அடியில் ஒரு துண்டுப் பஞ்சு, வலது கையில் ஒரே ஒரு சுட்டுவிரல். அறுந்தால் ஒழியக் கம்பி மாற்றமாட்டாராம். நானும் பாத்திரம் கழுவுகிற பஞ்சில் ஒரு கீலம் வெட்டி பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகித்தான் வைத்திருக்கிறேன். அதிகம் இறுக்கினால் சுருதியே கேட்காது, கொஞ்சம் தொட்டாற்போல் இருந்தால் போதும். பிளாட்வவுண்ட் கம்பி இங்கே யாழ்ப்பாணத்தில் சுலபத்தில் கிடைக்காது, கொழும்புக்குச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வருகிற மாமாவின் சூட்கேஸில் இடம் கேட்கவேண்டும். எஃபெக்ட் பெடலுக்கு வைத்திருக்கிற காசை இதில் போடுங்கள்.

சரி, சத்தத்தை நிறுத்துவது பற்றிக் கதைக்கும்போது எர்த் பற்றிக் கதைக்காமல் விட முடியாது. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஈ கம்பியின் 3ஆவது பிரெட்டில் இருக்கிற ஜி 49. எர்த் சரியில்லாத மேடையில் அந்த ஜியை நீட்டிப் பிடித்தால், இரைச்சலும் நோட்டும் ஒன்றோடொன்று முட்டி, செக்கனுக்கு ஒரு தடவை 'வவ்... வவ்...' என்று சத்தம் ஏறி இறங்கும். சவுண்ட்காரர் உங்கள் கிட்டாரில் பிழை என்பார். பிரெசிஷனில் 1957இலிருந்து வருகிற இரண்டாகப் பிரிந்த பிக்கப் இந்த இரைச்சலைத் தானே வெட்டிவிடும். பெண்டரின் மற்ற மாதிரியான ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பின் வொல்யூமையும் ஒரே அளவில் வைத்தால் வெட்டும், ஒன்றைக் குறைத்தால் திரும்ப வந்துவிடும். இரைச்சலுக்குப் பயந்து பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. மழை ஈரத்தில் மேடையில் நிற்கிறவன் செய்கிற வேலையா அது?

இனி, பேஸை நாமே செய்வதென்றால் அதற்கான மரம். நான் இப்போது வாசிக்கிற பேஸின் பாடி, இடித்த பழைய வீடொன்றின் வேப்பமரத் தீராந்தி. வேம்பு நல்ல 'டோன்' தருமா என்று கேட்கிறார்கள். தெரியாது, அதற்காக அதை எடுக்கவும் இல்லை. மகோகனியும் வேம்பும் ஒரே தாவரக் குடும்பம் என்று வேண்டுமானால் பெருமைக்குச் சொல்லிக்கொள்ளலாம். கனமான மரம் சஸ்டெயின் தரும் என்று முதிரையைத் தேடுகிறவர்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மணித்தியாலம் நின்று பார்க்கட்டும். நான் பார்த்தது இரண்டே விஷயம்: காய்ந்திருக்கிறதா, தூக்க முடியுமா. மரக்காலையில் இன்று அறுத்த பலகை மாரி முடிந்து சோளகம் வீசத் தொடங்கும்போது வளைந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கும். பல வருடம் கூரைக்குக் கீழே கிடந்த தீராந்தி இனி வளைய ஒன்றுமில்லை. அதுவும் கனம்தான் என்பதால் உள்ளே கொஞ்சம் குடைந்து எடுத்தேன். தூள் நாக்கில் படும், கசப்பு இரவுச் சாப்பாடு வரை நிற்கும்.

பனையில் செய்யலாமே என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். கறுப்புக் கோடுகள் வடிவுதான். ஆனால் பனைக்கு மற்ற மரங்கள் மாதிரி ஆண்டு வளையம் இல்லை, இரும்பு மாதிரி நார்களும் நடுவில் மென்மையான சோறும். மரம் குடைகிற ரவுட்டர் மெஷின் நாரில் மாட்டிச் சிலாம்பு சிலாம்பாகப் பிய்க்கும். மேலே மெல்லிய தகடாக ஒட்டலாம், அவ்வளவுதான்.

நெக்கை மட்டும் வாங்கிவிடுங்கள். கம்பி அதிர்கிற நீளம் 34 அங்குலம் என்றால் முதல் பிரெட் 1.908 அங்குலத்தில் விழவேண்டும், மிச்சமுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்துக்கொண்டு போகவேண்டும், கைவாளால் அறுத்து அந்தத் துல்லியத்தைப் பிடிக்கிறவர் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். பாடியில் உங்கள் பொறுப்பு பிரிட்ஜின் இடம்: நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பி தங்குகிற கட்டை) 12ஆவது பிரெட் வரை 17 அங்குலம், அங்கிருந்து இன்னொரு 17, அதற்குப் பிறகு தடித்த கம்பிக்கு, பிரிட்ஜில் அதைத் தாங்குகிற சாடில் இன்னும் கொஞ்சம் பின்னால் போக இடம் விடவேண்டும். வாடை மழைக்கு நெக் எப்படியும் அசையும், எந்தப் பக்கம் என்பது அந்தந்த நெக்கின் குணம். நெக்கின் வளைவைத் திருத்த அதற்குள் இருக்கிற டிரஸ் ராட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தரத்தில் திருப்பாதீர்கள்.

அப்புறம், பழைய வீட்டு மரம் வாங்குவதென்றால் அறுக்கக் கொடுக்க முதல் ஒருக்கா காந்தம் பிடித்துப் பாருங்கள். உள்ளே முறிந்த ஆணி இல்லாத தீராந்தி யாழ்ப்பாணத்தில் கிடையாது, ரவுட்டர் பிட் என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கும் தெரியும்.