என்ன விதைக்கிறோம்னு சொல்லுங்க, காத்திருக்கிறோம்

2025 ஜனவரி கடைசி வாரம். எங்கள் வயலுக்கு அறுப்பு மெஷின் வருகிற நேரம். அதே வாரம்தான் சென்னையில் எங்கள் கால்பந்து அணி சென்னையின் எஃப்சிக்கு, இந்தியன் சூப்பர் லீக்கில் கேரளா பிளாஸ்டர்ஸோடு மேட்ச். அப்பாவிடம் எப்படியோ பேசி ஒரு நாள் வாங்கிக்கொண்டு, நானும் நண்பனும் மன்னார்குடியில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி விடியற்காலை எழும்பூரில் இறங்கினோம். சாயங்காலமே நேரு ஸ்டேடியம் போய்விட்டோம். ஆட்டம் ஆரம்பித்து இடத்தில் சரியாக உட்காரக்கூட இல்லை, மூன்றாவது நிமிடம் கோல் வாங்கியாயிற்று. முதல் பாதியிலேயே நம் ஆள் ஒருவர் சிவப்பு அட்டையோடு வெளியே போனார். 1-3 என்று முடிந்தது.

தோற்றதற்காக இதை எழுதவில்லை. பந்தாட்டம் பார்க்கிறவன் தோல்விக்குப் பயந்தால் முடியாது. திரும்பி வரும் ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு நண்பன் கேட்டான்: "மாப்ள, நம்ம டீம் என்ன ஆட்டம் ஆட நினைக்குதுன்னு உனக்குப் புரியுதாடா?" 2014-லிருந்து சென்னையின் எஃப்சி ஆட்டத்தை விடாமல் பார்க்கிறவன் நான். பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கேள்விதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

2015-ஐ நினைத்துப் பாருங்கள். சீசனின் நடுவில் புள்ளிப் பட்டியலில் கடைசியில் கிடந்த அணி. சென்னை வெள்ளத்தில் மிதக்கிறது, அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தைக்கூட புனேயில் போய் ஆட வேண்டிய நிலைமை. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். இறுதி ஆட்டத்தை எங்கள் கடைத்தெரு டீக்கடை டிவியில் பார்த்தேன். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்புறம் அவர்கள் கோல்கீப்பர் கையில் பட்டே ஒரு கோல், 90 நிமிடம் தாண்டிய இஞ்சுரி டைமில் நம் மெண்டோசா ஒரு கோல். டீக்கடை அண்ணன் பால் பொங்குவதைக்கூட கவனிக்காமல் கத்தினார். அடுப்பு அணைந்து புகை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். 2018-ல் பெங்களூரு மண்ணிலேயே அவர்களை 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை, கார்னரிலிருந்து மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

அதற்கு அடுத்த சீசனில் என்ன ஆனது? சாம்பியன் அணி கடைசி இடம். பத்து அணியில் பத்தாவது. சரி, ஒரு வருடம் சறுக்கும் என்று விட்டோம். 2019 டிசம்பரில் ஓவன் கோயல் கோச்சாக வந்தார், அடியில் கிடந்த அணியைத் தூக்கி இறுதி ஆட்டம் வரை கொண்டு போனார். கோப்பை கிடைக்கவில்லை, ஆனால் பார்க்கிற எங்களுக்கு இது நம் ஆட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்தது. அடுத்த சீசனில் அவர் ஜாம்ஷெட்பூரில் இருந்தார். முந்தைய சீசனில் நமக்காக 15 கோல் போட்ட வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2021-22-ல் ஜாம்ஷெட்பூருக்கு லீக் ஷீல்டு, அதாவது புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பரிசு, வாங்கிக் கொடுத்தது அதே கோயல்தான். இங்கே லாஸ்லோ வந்தார், பண்டோவிச் வந்தார், பிர்தாரிச் வந்தார். மூன்று சீசன், மூன்று கோச், மூன்றிலும் எட்டாவது இடம். அப்புறம் திரும்பவும் கோயல். முதல் வருடம் ஆறாவது, அடுத்த வருடம் பதின்மூன்று அணியில் பதினொன்றாவது.

ஒவ்வொரு கோச்சும் அவருக்குத் தெரிந்த ஆட்டத்தைத்தான் ஆட வைப்பார், அதில் தப்பில்லை. ஆனால் இவர் போனால் அடுத்தவரும் இதே மாதிரி ஆட வைக்கிறவராக இருக்க வேண்டும் என்று கிளப்புக்கு ஒரு எண்ணம் வேண்டாமா? ஒருவர் கேட்டு எடுத்த ஆட்டக்காரர்களை இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் ஆட்டமே வேறு என்றால் அந்தப் பையன்கள் என்ன செய்வார்கள்? நம்மிடம் இருந்த சாங்தே 2022 ஜனவரியில் மும்பைக்குப் போனார், 2022-23-க்கு நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். சின்ன வயதிலிருந்து நம் சட்டையில் வளர்ந்த அனிருத் தாப்பா 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். ஆட்டக்காரர்கள் போவது சகஜம். போகும்போது அந்த இடத்தில் யார் வருகிறார் என்று யோசித்து வைத்திருக்க வேண்டும், அது கண்ணில் படவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை. ஆடுதுறை 43 மாதிரி 110 நாள் நெல் ரகம், சட்டென்று முடிந்துவிடும். 2024-ல் அணையில் தண்ணீர் போதாமல் ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அப்பா அதற்கு முன்னாடியே திண்ணையில் உட்கார்ந்து முடிவு பண்ணிவிட்டார்: "குறுவை வேணாம்ப்பா. சம்பா மட்டும் போடுவோம். சி.ஆர். 1009 போட்டுடலாம்." அது ஐந்து மாதத்துக்கும் மேல் நிற்கிற பயிர். நடுவில் மனசு மாற முடியாது. உரம், ஆள் கூலி, தண்ணீர் முறை எல்லாம் அதற்கேற்ற மாதிரி. அந்தப் பயிரைத்தான் நான் மேட்சுக்குப் போன வாரத்தில் அறுத்தோம்.

அந்த வருடம் குறுவை இல்லை என்று எங்கள் வீட்டில் யாரும் அப்பாவிடம் சண்டை போடவில்லை. என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். கிளப்பும் இந்த மூன்று வருடம் கோப்பை எதிர்பார்க்காதீர்கள், பத்தொன்பது இருபது வயதுப் பையன்களை வளர்க்கப் போகிறோம் என்று சொன்னால் நாங்கள் எட்டாவது இடத்தைக்கூட கைதட்டிப் பார்ப்போம். இல்லை, இந்த வருடமே பெரிய ஆட்டக்காரர்களை இறக்கி ஜெயிக்கப் போகிறோம் என்றாலும் சரி. இரண்டில் எது என்று சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் கிளப் தலையில் போடவும் முடியாது. 2025 ஜூலையில் ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலில் லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது, ஆகஸ்டில் நம் கிளப் சம்பளத்தை நிறுத்தியது. லீக் நடக்குமா என்றே தெரியாதபோது எந்தக் கிளப்பும் திட்டம் போட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அதற்கு முந்தைய ஏழு வருடத்துக்கு அந்தக் காரணம் செல்லாது.

அறுவடை முடிந்து உளுந்து விதைக்காத வயல்களில் எங்கள் ஊர்ப் பையன்கள் சாயங்காலம் பந்து ஆடுகிறார்கள். அறுத்த நெல்லின் அடித்தாள் குத்தும், செருப்பு போட்டால் வழுக்கும், அதனால் வெறுங்கால்தான். ஓடி ஓடி நடுவில் மட்டும் தாள் மடங்கித் தடம் விழுந்திருக்கும். அக்கா பையனும் அதில் ஒருவன், பத்து வயது, நீலச் சட்டை நான் வாங்கிக் கொடுத்தது. போன வாரம் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான்: "மாமா, நம்ம டீம்ல இப்ப யாரெல்லாம் இருக்காங்க?"

இரண்டு பெயர் சொன்னேன். மூன்றாவதாக ஒரு பெயரைச் சொல்ல வாயெடுத்துவிட்டு, அவர் இன்னும் இருக்கிறாரா என்று போனை எடுத்துப் பார்த்தேன். போய்விட்டிருந்தார்.