தீர்த்தமும் கட்டுச்சாதமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் வீட்டிற்கு மடிக்கணினியும் கையுமாக வந்த அக்கா மகன், தன் கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்றான். ரங்கநாதன் தெரு நெரிசலில் ஒருவன் ஓடுகிற வீடியோ கேம் அது. வழியில் இருக்கும் பன்னீர் சோடாவைத் தொட்டதும் அவனுக்கு 5 வினாடி வேகம் கூடும். தொட்ட மாத்திரத்தில் பலன் தந்து மறைகிற அப்பொருளை என்னவென்று அழைப்பது?

இருபது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தி வரும் மிதப்பில், 'உடனடிப் பயன்பாட்டுப் பொருள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"மாமா, இதைப் படித்து முடிப்பதற்குள் அந்த 5 வினாடியும் போய்விடும்" என்றான்.

ஆடுபவனுக்கு வலுக்கூட்டும் பொருளை ஆங்கிலத்தில் சொல்வதுபோல் 'பவர்-அப்' என்றே வைத்துவிடேன் என்றதற்கு, அதிலும் வில்லங்கம் உண்டு என்று விளக்கத் தொடங்கினான். 1980இல் வந்த பாக்-மேன் விளையாட்டின் நான்கு பெரிய உருண்டைகளும், 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸின் காளானும் தொட்டவுடன் வேலை செய்பவைதாம். ஆனால் 1990இல் வந்த சூப்பர் மரியோ வேர்ல்டில், உபரியாகக் கிடைத்த ஒன்றைத் திரையின் மேலுள்ள பெட்டியில் வைத்திருந்து பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்பதால், பவர்-அப் என்றாலே உடனடி என்று சொல்லிவிட முடியாதாம். வழியில் எடுக்கும் எதையும் குறிக்கிற 'பிக்கப்' என்றால் சாவி, துப்பாக்கி எல்லாம் அதில் அடங்கிவிடும். பையில் வைத்திருந்து வேண்டும்போது குடிக்கிற மருந்து 'கன்ஸ்யூமபிள்'. இவை போதாதென்று, 1993இல் வந்த டூம் என்ற விளையாட்டில் உடல்நலத்தை 25 கூட்டும் மருந்துப்பெட்டி, ஏற்கெனவே 100 வைத்திருப்பவன் மேலேறி நடந்தாலும் தரையிலேயே கிடக்குமாம்.

"பசியில்லாதவன் இலையில் யார் பரிமாறுவார்கள்?" என்றார், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா. காம்பைக் கிள்ளியபடியே தொடர்ந்தார்: "கையில் வாங்கியதும் அங்கேயே குடித்துவிட வேண்டியது தீர்த்தம். மூட்டை கட்டிக்கொண்டு போய், பசித்தபோது பிரிப்பது கட்டுசாதம். இதற்கா இவ்வளவு நேரம்?"

பேரன் இரண்டையும் அக்கணமே தட்டச்சு செய்துவிட்டான். 'கட்டு' என்பதற்குப் பின் ஒரு 'ச்' வர வேண்டும் என்பதைத் தவிர, நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதைச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

மாலையில் அம்மாவிடம் விளையாட்டைக் காட்டினான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தவர், "தீர்த்தத்தை யாராவது இடது கையில் வாங்குவார்களா?" என்று கேட்டார். அன்றிரவு பதினொன்றரை மணி வரை, எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, அவன் அந்தக் கையைத்தான் மாற்றிக்கொண்டிருந்தான்.