ஆடியோ இன்டர்ஃபேசில் ‘டப்’ சத்தம்: எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடித்த விதம்

இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட், கடைவீட்டு மாடியில் ஒரு சின்னப் பதிவறை. இரண்டு மைக் செருகக்கூடிய யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் பெட்டி), விண்டோஸ் லாப்டாப், ஒரு கண்டென்சர் மைக், இரண்டு டைனமிக் மைக், ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர், சாமான் இவ்வளவுதான். கோயில் பஜனை, தைப்பூசத்துக்கு முன்னால் உறுமி மேளப் பாட்டு, கல்யாண வாழ்த்து என்று வேலை ஓடும். பாட்டின் நடுவே ‘டப்’ என்று ஒன்று கேட்கும். சில நாள் அதுவே ‘சடசட’ என்று தொடரும்.

யாரைக் கேட்டாலும் “பஃபரைக் கூட்டு” என்பார்கள், அதாவது கணினி ஒலியைக் கட்டுக் கட்டாக வாங்கும் அந்தக் கட்டின் அளவை. பல நேரம் அதுவே மருந்துதான். ஆனால் நம் பக்கத்து ஈரக்காற்று, பழைய வயரிங், மத்தியான இடி மூன்றும் சேர்ந்தால், காரணம் வேறாக இருந்தும் காதுக்கு அதே ‘டப்’தான் விழும். அதனால் எந்த செட்டிங்கிலும் கை வைக்கும் முன், சத்தம் கணினிக்கு முன்னால் நுழைகிறதா, கணினிக்குள் உண்டாகிறதா என்று பிரித்துவிட வேண்டும்.

அதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். இன்டர்ஃபேசிலேயே ‘டைரக்ட் மானிட்டர்’ சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மைக்கின் ஒலி கணினிக்குள் போகாமல் நேராக ஹெட்போனுக்கு வரும். பதிவு மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணைத்துவிட்டு, மைக்கைத் திறந்து வைத்து ஒரு பத்து நிமிடம் பதிவு செய்துகொண்டே ஹெட்போனில் கேளுங்கள். ஹெட்போனிலேயே ‘டப்’ கேட்டால் மைக், கேபிள், கரண்ட் பக்கம் தேட வேண்டும். ஹெட்போன் சுத்தமாக இருந்து, பதிவில் மட்டும் விழுந்திருந்தால் கணினிப் பக்கம். ஒரே விதிவிலக்கு, யூஎஸ்பி வழியாக வரும் மின்சாரமே தடுமாறினால் ஹெட்போனிலும் கேட்கும்.

அடுத்தது, பதிவான கோப்பை ஆடாசிட்டியிலோ ரீப்பரிலோ திறந்து, ‘டப்’ விழுந்த இடத்தைச் சாம்பிள்கள் (ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த அளவுகள்) புள்ளி புள்ளியாகத் தெரியும்வரை பெரிதாக்கிப் பாருங்கள். கணினி ஒலியைத் தவறவிட்டிருந்தால், வளைந்து போய்க்கொண்டிருந்த கோடு ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குச் செங்குத்தாகத் தாவியிருக்கும். அல்லது கொஞ்ச தூரம் பூஜ்ஜியத்தில் தட்டையாகக் கிடந்துவிட்டு மறுபடி தொடங்கும். அந்தத் தட்டை 128, 256 என்று பஃபர் அளவோடு ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம். மின்சாரக் குறுக்கீடு ஊசி முனையாக, இரண்டு சேனலிலும் ஒரே கணத்தில் நிற்கும். மைக்கில் ஈரம் என்றால் அந்த ஒரு சேனலில் மட்டும், ஒழுங்கில்லாமல் கொத்துக் கொத்தாக வரும். அலையின் தலை வெட்டினாற்போல் தட்டையாக இருந்தால் அது கோளாறே இல்லை, கெய்ன் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகம்.

இனி கணினிப் பக்கம். இங்கேதான் வேலை அதிகம்.

பஃபர் என்பது கணினிக்கு நாம் தரும் அவகாசம். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற ரேட்டில், 128 சாம்பிள் என்றால் சுமார் 2.7 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.3; 512 என்றால் 10.7. அந்த நேரத்துக்குள் அடுத்த கட்டு ஒலி வந்து சேராவிட்டால் இடைவெளி விழும், அதுதான் ‘டப்’. பாடுகிறவர் டைரக்ட் மானிட்டரில் தன் குரலைக் கேட்கிறார் என்றால், தாமதத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அப்புறம் 64, 128 என்று ஏன் இழுத்துப் பிடிக்க வேண்டும்? 512-இல் வையுங்கள், மிக்ஸிங் நேரத்தில் 1024. சின்ன பஃபர் தேவைப்படுவது கீபோர்டிலிருந்து மென்பொருள் வாத்தியம் வாசிக்கும்போதும், எஃபெக்ட்டோடு குரலைக் கேட்டுப் பாடும்போதும்தான்.

சாம்பிள் ரேட் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். இன்டர்ஃபேஸ் பேனல், பதிவு மென்பொருள், விண்டோஸ் சவுண்ட் பேனலில் அந்தக் கருவியின் ‘அட்வான்ஸ்ட்’ பக்கம், மூன்றிலும் 48,000. பின்னால் பிரவுசரில் யூடியூப் ஓடும்போது இரண்டு மென்பொருள்கள் ஒரே கருவியை வேறு வேறு ரேட்டுக்கு இழுத்தால் சத்தம் உடையும். டிரைவரும் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) இன்டர்ஃபேஸ் தயாரித்தவர் தரும் ஏசியோ (ASIO) டிரைவராக இருக்கட்டும். ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவர் விண்டோஸ் டிரைவரின் மேல் போர்த்திய போர்வை. சொந்த டிரைவர் இருக்கும்போது அது எதற்கு?

யூஎஸ்பி மைக்கையும் இன்டர்ஃபேசையும் ஒன்றாக வைத்து ஒரே நேரத்தில் பதிவு செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரண்டுக்கும் உள்ளே தனித்தனிக் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றாலும் நொடிக்கு 2.4 சாம்பிள் விலகும், ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி. விலகலைச் சமாளிக்க முடியாத இடத்தில் சாம்பிள் விழும், ஏறக்குறைய சீரான இடைவெளியில் ‘டிக்’ கேட்கும். மேக்கில் இரண்டையும் ‘அக்ரகேட்’ கருவியாக இணைத்து, இரண்டாவதுக்கு ‘டிரிஃப்ட் கரெக்‌ஷன்’ போடலாம். விண்டோஸில் நல்ல வழி, யூஎஸ்பி மைக்கை ஒதுக்கிவிட்டு இரண்டு மைக்கையும் ஒரே இன்டர்ஃபேசில் செருகுவதுதான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் விழுந்தால், லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். லாப்டாப்பைச் சார்ஜரில் வைத்து, பாட்டு ஒன்றை ஓடவிட்டு, பத்து நிமிடம் பார்த்தால் போதும். ‘டிரைவர்ஸ்’ பட்டியலில் அதிக நேரம் எடுக்கும் டிரைவர் எது என்று காட்டும். என்டிஐஎஸ் என்ற பெயர் மேலே வந்தால் நெட்வொர்க், பெரும்பாலும் வைஃபை. எங்கள் லாப்டாப்பில் மாட்டியது அதுதான்: வைஃபையை அணைத்ததும் சிவப்புக் கோடு இறங்கியது, பதிவில் தாவலும் நின்றது. வைஃபை டிரைவரை லாப்டாப் தயாரிப்பாளர் பக்கத்திலிருந்து புதுப்பித்தோம். ஆனாலும் பதிவு நேரத்தில் விமானப் பயன்முறைதான். என்விடியா டிரைவரோ டைரக்ட்எக்ஸோ மேலே நின்றால் கிராஃபிக்ஸ் டிரைவர். ஏசிபிஐ என்றால் பேட்டரி, மின்சாரக் கட்டுப்பாடு. அதற்கு பயோஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு கை கொடுக்கலாம்.

மின் சேமிப்பு இன்னொரு தொல்லை. பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ அணைக்க வேண்டும். பிராசசரின் குறைந்தபட்ச நிலை 100 விழுக்காடு. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு ‘யூஎஸ்பி ரூட் ஹப்’பையும் திறந்து, மின்சாரம் சேமிக்கக் கருவியை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். புதிய லாப்டாப் சிலவற்றில் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ திட்டமே தெரியாது. அங்கே விண்டோஸ் செட்டிங்கில் பவர் மோடை ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கினால் போதும்.

இன்டர்ஃபேசை ஹப்பில் செருகாதீர்கள். மேசைக் கணினி என்றால் முன்பக்க ஓட்டையை விட்டுவிட்டுப் பின்பக்கம், போர்டிலேயே இருக்கும் ஓட்டையில் செருகுங்கள். யூஎஸ்பி 2.0 ஓட்டை தரக்கூடியது 500 மில்லிஆம்பியர். இரண்டு கண்டென்சர் மைக்குக்கு, அவை வேலை செய்யத் தேவையான 48 வோல்ட் மின்சாரத்தை இன்டர்ஃபேசிலிருந்து போட்டால் அந்தக் கணக்கு இறுகிவிடும். கேபிள் இரண்டு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. ஏஎம்டியின் ரைசன் பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 500 வரிசை சிப்செட் போர்டுகளில் யூஎஸ்பி அவ்வப்போது அறுந்துபோகும் குறையை 2021-இல் ஏஎம்டியே ஒப்புக்கொண்டு, ஏஜீசா (பயோஸுக்குள் ஏஎம்டி தரும் பகுதி) 1.2.0.2 உள்ள பயோஸில் திருத்தம் தந்தது. பழைய பயோஸோடு ஓடும் போர்டில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பாருங்கள்.

கரண்ட் பக்கத்துக்கு முதல் சோதனை எளிது. லாப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் சார்ஜர் அல்லது எர்த். நிற்காமல், ஃபிரிட்ஜ் மோட்டார் பிடிக்கும்போதும் காற்றாடி சுவிட்சைத் தட்டும்போதும் மட்டும் ஊசி விழுந்தால், அவை ஓடும் அதே லைனில் உங்கள் மேசையும் இருக்கிறது. மேசைக்கு வேறு சர்க்கியூட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்து, லாப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் அந்த ஒன்றிலேயே செருகுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள் இரு முனையிலும் நுனி, வளையம், உறை என்று மூன்று தொடர்புப் பகுதியுள்ள, குறுக்கீட்டைத் தடுக்கும் பேலன்ஸ்டு டிஆர்எஸ் ஆக இருக்கட்டும். ‘டப்’போடு 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் கூட வந்தால் பெரும்பாலும் எர்த் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைந்திருப்பது. அதற்காக மூன்று முனை பிளக்கில் எர்த்தைத் துண்டித்து விடும் வித்தையை மட்டும் செய்யாதீர்கள். சத்தம் போகும், கூடவே ஆளும் போகலாம். பழைய கடைவீட்டிலும் லயத்து வீட்டிலும் எர்த்தே சரியாக இருக்கிறதா என்று பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்வதுதான் முறை.

இந்த எர்த் லூப்பை அறுக்க ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டரை (இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரிக்கும் பெட்டி) வாங்கும் முன் உள்ளே இருக்கும் சிப்பைப் பாருங்கள். ஏடியூஎம்4160 என்றால் அது நொடிக்கு 12 மெகாபிட் வரைதான் போகும். 480 மெகாபிட் கேட்கும் இன்டர்ஃபேஸ் அதில் ஓடாது.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் இடி கட்டும்போது விழும் ஊசிக்கு மருந்து கிடையாது. பிளக்கைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

மைக் பக்கம்தான் நம் ஊருக்கே உரியது. கண்டென்சர் மைக்கின் கேப்ஸ்யூலில் (ஒலியை வாங்கும் தலைப்பகுதி) மிக மிக உயர்ந்த மின்தடை இருக்க வேண்டும். காற்றின் ஈரம் அங்கே படிந்தால் மின்சாரம் கசியும், ‘பொட் பொட்’, ‘சடசட’ என்று கேட்கும். ஏர்கோன் அறையில் குளிர்ந்த மைக்கை மழைநாளில் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோய் உடனே 48 வோல்ட் போட்டால் இது நிச்சயம். சோதனைக்கு, அதே கேபிளில், அதே சேனலில் டைனமிக் மைக்கை மாட்டுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் கண்டென்சர்தான். காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் போட்டு, 40 முதல் 50 விழுக்காடு ஈரத்தில் இரவு முழுக்க வையுங்கள். முடி உலர்த்தும் மெஷினைக் காட்ட வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். வெளியே போனால் பெட்டியைத் திறக்காமலே அரை மணி நேரம் அந்த இடத்துச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு எடுங்கள்.

கேபிளை ஆட்டினால் மட்டும் சத்தம் வந்தால் மைக் கேபிளின் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் முனையில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கான்டாக்ட் கிளீனரை ஒரு தடவை அடித்து, பத்துப் பதினைந்து முறை செருகிக் கழற்றினால் போய்விடும். துருவுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், பிசுக்கு நிற்கும்.

உறுமியும் தவிலும் வாசித்துப் பார்க்கும்போது மெதுவாகவும், பாட்டு சூடு பிடித்ததும் இரண்டு மடங்காகவும் அடிப்பார்கள். பலமான அடியை அடிக்கச் சொல்லி அதற்கு மைனஸ் 12 டெசிபெல்லில் கெய்ன் வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்யும்போது மேலே முட்டவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏற்கெனவே பதிவாகிவிட்டதை என்ன செய்வது? ஊசி என்றால் ஆடாசிட்டியின் ‘ரிப்பேர்’ ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரை நிரப்பும், காதுக்குத் தெரியாது. கணினி தவறவிட்ட இடம் அப்படியல்ல. அங்கே ஒலியே வந்து சேரவில்லை. சில நேரம் அந்த இடத்துக்குப் பின்னால் பாட்டு முழுவதும் சில மில்லிசெகண்ட் முன்னால் நகர்ந்திருக்கும். மற்ற டிராக்கோடு தாளம் பொருந்துகிறதா என்று கைதட்டலையோ முதல் உறுமி அடியையோ வைத்துச் சரிபார்த்து, விலகியிருந்தால் அந்த இடத்தில் வெட்டிப் பின்னால் தள்ளுங்கள். பாடகர் இன்னும் கீழே கடையில்தான் நிற்கிறார் என்றால், கூப்பிட்டு அந்த வரியை மறுபடி பாடச் சொல்வது இன்னும் சுலபம்.