ஏழு பத்து என்றால் எந்த ஏழு பத்து?

செட்டிநாட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கினால் முதலில் கை மாறுவது ஜாதகக் குறிப்புதான். குலம், கோயில், படிப்பு, வேலை என்று மற்ற எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிப்பவர்கள்கூட, அந்தக் குறிப்பின் தலைப்பில் இருக்கும் பிறந்த நேரத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்வார்கள். காரைக்குடியில் ஜாதகம் கணிக்கும் என் தாய்மாமாவுக்குக் கணினி வேலைகளில் உதவத் தொடங்கிய பிறகுதான், பிறந்த நேரம் யாருடைய கடிகாரத்தில் பார்க்கப்பட்டது என்பது தெரியாவிட்டால் அந்த நேரத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்கு உறைத்தது.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன குடும்பங்கள் நிறைந்த ஊர்களில் இது பழைய சங்கதி. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் பிறந்தவர்களின் ஜாதகங்கள் இங்குள்ள பெட்டகங்களில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் மிகப் பழையவற்றைக் கணிப்பதில் சிரமமே கிடையாது. ஏனென்றால் அவற்றில் மணி, நிமிடம் இராது, ‘உதயாதி நாழிகை’ என்றுதான் இருக்கும். அந்த ஊரில் சூரியன் உதித்ததிலிருந்து எத்தனை நாழிகை (ஒரு நாழிகை 24 நிமிடம்), எத்தனை விநாடி (நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு) என்ற அந்தக் கணக்கை எந்த அரசாங்கமும் மாற்ற முடியாது. கடிகாரம் வந்த பிறகுதான் தொல்லை. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, போரை முன்னிட்டு இந்தியாவிலேயே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அதே காலத்தில் ஜப்பானியர் பிடித்த மலாயாவும் பர்மாவும் தோக்கியோ நேரத்தில் நடந்தன. அந்த வருடங்களில் பிறந்தவர் என்றால், பிறந்த ஊரைக் கேட்காமல் மாமா பேனாவைத் திறக்க மாட்டார்.

சில மாதங்களுக்கு முன், எங்கள் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் இருக்கும் தாய் ஒருவர் மகளுக்கு ஜாதகம் கணிக்க வந்திருந்தார். பழைய கொப்பி ஒன்றின் கடைசித் தாளில், 1999 ஆவணி நடுவில் ஒரு தேதியும் ‘காலை 7.10’ என்ற நேரமும் நீல மையில் எழுதியிருந்தன. மருத்துவச்சி சொல்லச் சொல்ல, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குழந்தையின் அப்பப்பா (அப்பாவின் அப்பா) எழுதியதாம். பிறந்த இடம் வடஇலங்கையின் வன்னிப் பகுதியில் மல்லாவிப் பக்கம் என்று அவர் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏழு பத்துன்னு போட்டிருக்கே அம்மா, இது கொழும்பு நேரமா, உங்க ஊர் நேரமா?”

“அது பழைய நேரம் ஐயா. எங்கட பக்கம் நேரம் மாத்தேல்லை. வவுனியாவுக்கு வந்தாத்தான் புது நேரம்.”

இந்த இரண்டு வரிப் பேச்சுக்குப் பின்னால் பத்து வருட வரலாறு இருக்கிறது. அதுவரை இலங்கையின் நேரமும் நம் நேரமும் ஒன்றுதான், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். 1996-இல் மழை பொய்த்து, நீர்மின்சாரத்தையே நம்பியிருந்த நாட்டில் மின்வெட்டு கடுமையானபோது, மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபர் 26 அன்று அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டதால், இந்தியாவைவிட அரை மணி முந்திய நேரம் அங்கே நிலைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றம் எதையும் ஏற்கவில்லை. கொழும்பின் ஆணையை ஏற்பதா என்ற அரசியல் அதில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கும் கீழே வேறொரு உண்மை இருந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1990-இலிருந்தே நாட்டின் மின்கட்டமைப்பிலிருந்து அறுபட்டு மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்த வன்னிக்கு, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கடிகாரத்தை மாற்றுவதற்கு என்ன காரணம் இருந்திருக்க முடியும்?

இதனால் ஒரே தீவில், ஒரே மொழி பேசும் மக்களுக்கிடையே இரண்டு நேரங்கள் ஓடின. இராணுவத்தின் வசம் இருந்த யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் புதிய நேரம். நடுவில் இருந்த வன்னியில் பழைய நேரம். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாகி ஏ-9 பாதை திறந்த பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போகிறவர் வன்னியின் வடக்கு எல்லையான முகமாலையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னால் வைத்து, தெற்கு எல்லையான ஓமந்தைக்கு வந்ததும் அதை மறுபடி முன்னால் தள்ள வேண்டும். சோதனைச் சாவடிகளில் பொட்டலங்களைப் பிரித்துக் காட்டிவிட்டுக் காத்துக் கிடந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? மஹிந்த ராஜபக்ச அரசு 2006 ஏப்ரல் 15 அன்று, புத்தாண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பழையபடி ஐந்தரைக்கே கொண்டுவந்தபோதுதான் தீவு முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. நேரம் சேர்ந்த அந்த வருடமே சண்டை திரும்பவும் தொடங்கியது.

அரை மணி என்பது ஒன்றேகால் நாழிகை. இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்காக அந்தப் பெண்ணின் கணக்கையே சொல்கிறேன். ஆவணி நடுவில் வன்னியில் சூரியன் உதிப்பது நம் நேரப்படி சுமார் ஆறு மணிக்கு. ஏழு பத்து பழைய நேரமென்றால் உதயத்திலிருந்து கிட்டத்தட்ட மூன்று நாழிகை சென்றிருக்கும். பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசியான லக்னம், சிம்மம் முடிந்து கன்னிக்கு வந்துவிட்டது. அதையே கொழும்பு நேரமென்று கொண்டால் உண்மையில் அது நம் ஆறு நாற்பது. உதயத்திலிருந்து நாற்பது நிமிடந்தான் ஆகியிருக்கும் என்பதால் லக்னம் சிம்மத்திலேயே நிற்கும். ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்ப்பதால் சுமார் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் நவாம்ச லக்னத்தைச் சொல்லவே வேண்டாம். ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் லக்னத்தை ஒதுக்கிவிடலாம். ஆனாலும் ஒரு குழந்தை பிறந்த நிமிடம் எது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

மென்பொருளோ இதில் கைகொடுப்பதில்லை. இலங்கை என்று தேர்ந்தெடுத்தால் கணினியின் நேரத் தரவுகளில் அந்தத் தீவு முழுவதற்கும் கொழும்பு என்ற ஒரே பெயர்தான் இருக்கிறது. 1999 என்று கொடுத்ததும் அது தானாகவே ஆறு மணி வித்தியாசத்தை எடுத்துக்கொள்கிறது. போரில் எல்லாவற்றையும் இழந்து வந்த ஒரு தாய் ஒரு கொப்பித்தாளைக் காப்பாற்றி வைத்திருக்கும்போது, அதில் எழுதியிருக்கும் நேரத்தை யாருக்கும் தெரியாமல் கணினி மாற்றிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பிளவுண்ட மற்ற நாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறது. 1974 முதல் இரண்டாகக் கிடக்கும் சைப்ரசில், கோடைக்காக ஒரு மணி முன்னால் தள்ளிய கடிகாரத்தைக் குளிர்கால நேரத்துக்குத் திருப்புவதைத் துருக்கி 2016-இல் கைவிட்டதும் வடபகுதியும் அதன் வழியே போனது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நிகோசியா நகரின் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு ஒரு மணி நேர வித்தியாசம் இருந்தது. விடியாத இருட்டில் மாணவர்களை ஏற்றிச் சென்ற வண்டி விபத்துக்குள்ளாகி உயிர்கள் போன பிறகு, வடக்கில் மாணவர்களும் ஆசிரியர்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். மறு வருடம் வடபகுதி குளிர்கால நேரத்துக்குத் திரும்பியது. லெபனானில் 2023 மார்ச்சில், ரமலானை முன்னிட்டுக் கோடைநேரத்தைத் தள்ளிப்போடப் பிரதமர் முடிவெடுக்க, அங்குள்ள கிறிஸ்தவர்களின் மாரோனைட் திருச்சபை அதை ஏற்க மறுத்ததால் சில நாட்கள் ஒரே ஊரில் இரண்டு மணி ஓடின. வடகொரியா 2015-இல் தனக்கென்று அரை மணி பிரித்துக்கொண்டு, 2018 ஏப்ரலில் இரு கொரியாக்களின் தலைவர்களும் எல்லையிலுள்ள பன்முன்ஜொம்மில் சந்தித்த பிறகு, மே மாதமே அதைக் கைவிட்டது. சேர்வதற்காகவே கடிகாரத்தை நகர்த்தியவர்களும் உண்டு: சபா, சரவாக்குடன் ஒன்றாக இருப்பதற்காகத் தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னால் போனது. அதற்கு முன் அங்கே பிறந்த நம் ஊர்க்காரர்களின் ஜாதகங்களிலும் இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மாமாவும் நானும் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இலங்கையில் 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை பிறந்தவர் என்றால் ஊரை மட்டும் கேட்பதில்லை. அந்த நாளில் அந்த ஊர் யார் கையில் இருந்தது, நேரம் குறித்தது மருத்துவமனையா வீட்டாரா, அவர்கள் பார்த்த கடிகாரம் புதியதா பழையதா என்பதையும் கேட்டு, உதயாதி நாழிகையையும் சேர்த்தே தாளில் எழுதிக் கொடுக்கிறோம். வன்னியில் பிள்ளை பெற்றவர்களும் அந்த நேரத்தைக் குறித்து வைத்த பெரியவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு குறிப்பு இருந்தால், அவர்களிடம் கேட்டு, நேரத்துக்குப் பக்கத்தில் ‘பழைய நேரம்’ அல்லது ‘புதிய நேரம்’ என்று இன்றே எழுதி வையுங்கள். கணினியில் ஜாதகம் போடுகிறவர்கள், புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரத்தில் குறித்த பிறப்பென்றால், கொழும்பு என்று தேர்ந்தெடுக்காமல் வித்தியாசம் ஐந்தரை மணி என்று கையாலேயே பதிய வேண்டும்.