சாம்பிராணி வேண்டாம், அக்கா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடை. ஓர் அக்கா மீன்கறித் தூளோடு கம்ப்யூட்டர் சாம்பிராணியும் கட்டச் சொன்னார். மகனுக்கு அனுப்பத்தான். அவன் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் ஹாஸ்டலில்தானாம்.

சாம்பிராணியை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், அக்கா.

அறைக்கூரையில் புகை அலாரம் இருக்கும். சாம்பிராணிக்கும் அலறும், தாளிப்புக்கும் அலறும். உடனே பிள்ளைகள் அதைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிடுவார்கள். ஆபத்தே அதுதான். விடுமுறையில் மாடி முழுக்கக் காலி. தீப்பிடித்தால் கதவைத் தட்டி எழுப்ப ஆளில்லை.

தாளிக்கும்போது சமையலறை ஜன்னல் திறந்திருக்கணும், கதவு சாத்தியிருக்கணும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, குபீரென்று எழும்பும்.

குளிருக்கு அறைக்குள் கரி மூட்டுவதும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

டிசம்பரில் அங்கே 4 மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். கடைக்குப் பகலிலேயே போய்வரட்டும்.

அவசர எண் நம்மூர் மாதிரியே 999.