ஒரு கிரவுண்டு நிலமும் ஓர் இலுப்பை மரமும்

கட்டுமான வேலை தொடங்கவிருக்கும் மனையில் நிற்கும் மரங்களைப் பார்த்துச் சொல்லும்படி என்னை அழைப்பவர்கள், பெரும்பாலும் வரைபடத்துக்கு அனுமதி வாங்கிய பிறகுதான் அழைக்கிறார்கள். அதற்குள் கட்டடம் எங்கே நிற்கும், தரைக்கீழ்த் தளம் எதுவரை போகும், தீயணைப்பு வண்டி எந்த வழியாகச் சுற்றி வரும், தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் மின்மாற்றியும் எந்தெந்த மூலையில் அமையும் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். சென்னையின் பழைய மனைகளில் பெரிய மரங்கள் சுற்றுச்சுவரை ஒட்டியே நிற்பது வழக்கம். விதிப்படி கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விடவேண்டிய ஓரமும் அதுவே என்பதால் மரங்கள் பிழைத்துவிடும் என்று உரிமையாளர்கள் மனமார நம்புகிறார்கள். ஆனால் மேலே சொன்ன தொட்டியும் குழாயும் வண்டிப்பாதையும், 2003 முதல் கட்டாயமாகிவிட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழிகளும், அந்த ஓரத்துக்குள்தான் வந்து சேர்கின்றன. யாரும் வெட்டாத மரம், கட்டடம் திறந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது. அப்போது அந்த மனையில் வேலை செய்தவர்கள் எவரும் அங்கே இருப்பதில்லை. வயதாகிவிட்டது, பூச்சி விழுந்துவிட்டது என்று காரணம் சொல்லி மரத்தை எடுத்துவிடுகிறார்கள்.

தென்சென்னையில் ஒரு கல்வி வளாகத்தில் புதிய கட்டடம் எழுப்ப முனைந்தவர்கள், நில அளவை நடந்துகொண்டிருந்தபோதே என்னை அழைத்தது இந்தத் தொழிலில் அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பு. பழைய வளாகம் ஆதலால் மரங்கள் நிறைய இருந்தன: தெருப்பக்கம் குடைபோல் விரிந்த தூங்குமூஞ்சி, வரிசையாக வேம்புகள், பின்புறம் தென்னைகளும் நெட்டிலிங்கங்களும், இரண்டு மயில்கொன்றைகள், கட்டடம் வரவிருந்த இடத்தின் விளிம்பில் ஓர் இலுப்பை. நில அளவையாளர் தம் படத்தில் எல்லா மரங்களையும் ஒரே அளவான சிறு வட்டங்களாகக் குறித்திருந்தார். அந்தப் படத்தை மட்டும் வைத்து வேலை செய்யும் கட்டடக் கலைஞருக்குத் தூங்குமூஞ்சிக்கும் தென்னைக்கும் வேறுபாடு தெரிய வழியில்லை. ஆகவே அந்த வட்டங்களை ஒவ்வொரு மரத்துக்கும் உரிய உண்மையான அளவுக்கு மாற்றுவதுதான் என் முதல் வேலையாக இருந்தது.

நான் பின்பற்றுவது, கட்டுமான இடங்களில் நிற்கும் மரங்களுக்கான பிஎஸ் 5837 என்னும் பிரிட்டிஷ் தரநிர்ணயத்தின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதைப்போல் பன்னிரண்டு மடங்கு ஆரமுள்ள வட்டத்தை வேர்க்காப்பு எல்லையாகக் கொள்ளவேண்டும் என்கிறது அது. ஆரம் எவ்வளவு வந்தாலும் பதினைந்து மீட்டருக்கு மேல் கணக்கிட வேண்டியதில்லை. நம் வனத்துறையினர் மார்பளவு என்று கொள்வது 1.37 மீட்டர் உயரம் என்பதால், பழைய பதிவுகளோடு ஒப்பிடும்போது இந்தச் சிறு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்கிறேன். இலுப்பையின் சுற்றளவு இரண்டு மீட்டர் இருபது சென்டிமீட்டர், அதாவது விட்டம் எழுபது சென்டிமீட்டர். பன்னிரண்டு மடங்கு என்றால் 8.4 மீட்டர் ஆரம். அந்த வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டபோது ஏறத்தாழ 222 சதுர மீட்டர் வந்தது. சென்னையில் மனை விற்பவரும் வாங்குபவரும் பேசும் கணக்கில் இது ஏறத்தாழ 2400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு. உரிமையாளர் தரப்பில் வந்திருந்தவரிடம் சதுர மீட்டரில் சொன்னபோது தலையசைத்துக் கேட்டுக்கொண்டவர், ஒரு மரத்துக்கு ஒரு கிரவுண்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நகரத்தில் ஒரு கிரவுண்டின் விலை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் தயங்கியது நியாயம் என்றே எனக்குப் பட்டது. தயக்கத்தோடு பேச்சு தொடங்குவது, ஒரு சிறு வட்டத்தைப் பார்த்துப் பொத்தாம்பொதுவாகச் சம்மதிப்பதைவிட எவ்வளவோ மேல்.

எல்லா மரத்துக்கும் ஒரே அளவு வாதாடுவது என் வழக்கம் இல்லை. அந்தத் தரநிர்ணயம் மரங்களை நான்கு தரமாகப் பிரிக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேல் நலமாக நிற்கக்கூடிய சிறந்த மரம் முதல் தரம், பத்து ஆண்டுகூடத் தாங்காது என்பது கடைசித் தரம், இடைப்பட்டவை இரண்டு. இந்த முடிவுக்கு வர மரத்தைச் சுற்றி மெதுவாக நடக்கவேண்டும். அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் யானைக்கால்போல் விரிந்திருக்கிறதா, அல்லது நட்டுவைத்த கம்பம்போல் நேராக மண்ணுக்குள் இறங்குகிறதா என்று முதலில் பார்ப்பேன். நேராக இறங்கினால், எப்போதோ யாரோ மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். மயில்கொன்றைகளில் ஒன்றின் அடியில், சுற்றிலும் புல் மறைத்த இடத்தில், தட்டுத்தட்டாக அரக்கு நிறப் பூஞ்சை அடுக்கு வளர்ந்திருந்தது. மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தபோது, ஒரு பக்கம் கணீரென்று வந்த ஓசை பூஞ்சைக்கு மேலே மந்தமாக மாறியது. மெல்லிய இரும்புக் கம்பியை வேர்களுக்கு இடையே அழுத்தினேன். தடையில்லாமல் கை நீளத்துக்கு உள்ளே போயிற்று. மேலே பூ நிறைந்திருந்தது. மாணவர்கள் நடக்கும் பாதையோரம் நின்ற அந்த மரத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். காக்கமுடியாததைக் காக்கச்சொல்லி அறிக்கை எழுதினால், காக்கவேண்டியதைப் பற்றி எழுதும்போது எவரும் நம்பமாட்டார்கள். அரசு நிலமாக இருந்தால் இதற்கே மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கும்.

இலுப்பையை முதல் தரத்தில் வைத்தேன். மெதுவாக வளரும் மரம். கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம். பங்குனி சித்திரையில் அதன் சதைப்பற்றுள்ள பூவைத் தேடி இரவில் பழந்தின்னி வௌவால்கள் வரும். இவையெல்லாம் அறிக்கையில் இடம்பெற்றாலும், அதன் தரத்தை நிர்ணயித்தது கிளைப்பிரிவுகளில் பிளவில்லாத கட்டமைப்பும் நான்கு புறமும் சமமாக விரிந்த வேரடியும்தான்.

வேர்க்காப்பு எல்லை எதற்கு என்பதைப் பொறியாளர்களுக்கு விளக்கும்போது, மரத்தின் வேர்களில் மிகப் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும், மேலே என்ன செய்தாலும் கவலையில்லை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஆழமாக இருக்கிறது. நீரையும் சத்தையும் உறிஞ்சும் நூல் போன்ற வேர்கள் மூச்சுவிட மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்கவேண்டும். ரெடிமிக்ஸ் லாரி சிலமுறை ஏறி இறங்கினால் போதும், அந்த இடைவெளிகள் நசுங்கிவிடும். நனைந்த களிமண்ணில் ஒரே முறை போதும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே இறங்காது. மண்ணை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் ஆகும். ஜல்லியும் எம்சாண்டும் குவிப்பது, லாரியின் உருளையைக் கழுவிய சிமெண்டுத் தண்ணீரை மரத்தடியில் ஊற்றி மண்ணைக் காரமாக்குவது, நிழல் இருக்கிறதென்று கம்பி வளைக்கும் பட்டறையை அங்கேயே போடுவது ஆகிய எல்லாம் இதே கேட்டைச் செய்கின்றன. மரத்துக்குச் செய்யும் பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, அதன் அடியிலுள்ள மண்ணுக்குச் செய்யும் பாதுகாப்பே.

தரைக்கீழ்த் தளத்தின் சுவர் இலுப்பையிலிருந்து ஐந்து மீட்டரில் வருவதாக முதல் வரைபடம் காட்டியது. கட்டடக் கலைஞர் வாகன நிறுத்த அமைப்பை மாற்றி, அந்த மூலையைச் சாய்வாக வெட்டிக் கொடுத்தார். இரண்டு கார் நிறுத்தும் இடம் போயிற்று, சுவர் ஏழு மீட்டருக்குத் தள்ளிச் சென்றது. வட்டத்தின் ஒரு புறம் கொஞ்சம் கடிபட்டாலும், மற்ற மூன்று புறமும் திறந்த மண்ணாக இருந்ததால் நான் ஒப்புக்கொண்டேன். வரைபடம் பென்சிலில் இருக்கும்போது இந்த மாற்றத்துக்கு ஒரு மதிய நேரம் போதுமானதாக இருந்தது. அனுமதி வாங்கிய பிறகு இதையே கேட்டிருந்தால் எவரும் செவிகொடுத்திருக்க மாட்டார்கள், அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

வேலி போடுவதில்தான் எனக்கும் மேஸ்திரிக்கும் அதிக நேரம் சென்றது. அடிமரத்தைச் சுற்றிச் சாக்கும் மூங்கில் பிளாச்சுகளும் கட்டிவிட்டால் மரம் பத்திரம் என்பது அவருடைய அனுபவம். ஜேசிபியின் கை பட்டுப் பட்டை உரிவதை அது தடுக்கும் என்பதும் உண்மை. எட்டு மீட்டர் தள்ளி, சவுக்குக் கம்பு ஊன்றித் தகரம் அடித்து, கதவில்லாமல் மூடவேண்டும் என்று நான் சொன்னதும், "சார், அவ்வளவு இடத்த அடைச்சிட்டா நான் கம்பிய எங்க இறக்குறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொறியாளரையும் வைத்துக்கொண்டு, கம்பிக்கும் ஜல்லிக்கும் லேபர் ஷெட்டுக்கும் கலவை கழுவும் குழிக்கும் மனையின் மறுகோடியில் இடம் குறித்து, அந்தப் படத்தை அவர் அறையின் சுவரில் ஒட்டினோம். பொருளை இறக்க வேறு இடம் காட்டாமல் போடப்படும் வேலி ஒரு வாரம்கூட நிற்காது. எச்சரிக்கைப் பலகையைத் தமிழோடு இந்தியிலும் தெலுங்கிலும் எழுதவைத்தோம். பள்ளம் தோண்டுபவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது.

சுவருக்கான பள்ளம் வட்டத்தைத் தொடும் பகுதியில் மட்டும் இயந்திரத்தை நிறுத்திக் கையால் தோண்டச் சொல்லியிருந்தேன். கடப்பாரையை நேராகக் குத்தாமல் சாய்த்து மண்ணைப் பெயர்த்து, வேர் தென்பட்டதும் மண்ணைக் கையால் வழித்தெடுத்தார்கள். முழங்கால் ஆழத்தில், மணிக்கட்டுப் பருமனில் ஒரு வேர் சுவர்க்கோட்டுக்குக் குறுக்கே சென்றது. அதைச் சுற்றி விரல் பருமனில் பல. இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வேரை என்னைக் கேட்காமல் வெட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்ததால் எனக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஒன்றைக் கூரிய கைவாளால் நேராக அறுத்து, அன்றே ஈரச்சாக்கால் மூடி, உள்பக்கம் மண் நிரப்பினோம். ஜேசிபியின் பல் இழுத்திருந்தால் அதே வேர் அடிமரம் வரை நார்நாராகக் கிழிந்து, அழுகல் உள்ளே புக வழி திறந்திருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்தின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்த பிறகு தெருத்தெருவாக நடந்து பார்த்தபோது, விழுந்தவற்றில் சில, வடிகாலுக்கோ கேபிளுக்கோ ஒரு பக்க வேர் முழுவதும் வெட்டப்பட்டவையாக இருந்ததைக் கண்டேன். பள்ளத்தோரம் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காட்சி நினைவுக்கு வருகிறது.

தோண்டிய பள்ளத்தில் ஊறிய நீரை இரவு பகலாக வெளியேற்றியதால் சுற்றுப்புற மண் கோடையில் வேகமாக வறண்டது. அந்த நீரிலேயே ஒரு பங்கை, உப்பில்லை என்று சோதித்த பிறகு, வேலிக்குள் சொட்டுக்குழாய் வழியாக விட்டோம். மேலே நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகும் மரச்சீவலும் பரப்பினோம். அடிமரத்தைச் சீவல் தொடக்கூடாது என்பதை மட்டும் தோட்டக்காரரிடம் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

தூங்குமூஞ்சியின் ஒரு கிளை சாரத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. கிளையை அடிமரத்தோடு ஒட்ட அறுத்து, வெட்டுவாயில் தார் பூசுவது இங்கே பரவலான பழக்கம். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷிகோ, மரம் தன் காயத்தைப் புதிய தசையால் ஆற்றுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு அதன்மேல் வளர்கிறது என்று 1970களில் விளக்கிக் காட்டினார். கிளை தொடங்கும் இடத்திலுள்ள புடைத்த வளையத்தில்தான் அந்த அடைக்கும் திறன் மிகுதி. ஒட்ட அறுத்தால் அதையும் சேர்த்து அறுத்துவிடுகிறோம். வளையத்துக்கு வெளியே, கீழிருந்து ஒரு வெட்டு, சற்றுத் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு, எஞ்சிய குச்சியை நீக்க மூன்றாவது வெட்டு என்று செய்தால் பட்டை கிழியாது. தார் தேவையே இல்லை.

மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிடலாமே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். இளமரங்களுக்கும் தென்னைக்கும் அது பொருந்தும். எழுபது சென்டிமீட்டர் விட்டமுள்ள இலுப்பையை இரண்டு மூன்று மீட்டர் மண்கட்டியோடு தூக்கினால் அதன் வேரில் பெரும்பகுதி பின்னாலேயே தங்கிவிடும். வெட்டுவதற்கு மனம் வராதவர்கள் தேடும் வழியாகவே பல இடங்களில் அது எனக்குத் தெரிகிறது.

கட்டடம் முடிந்து ஒப்பந்ததாரர் வெளியேறும் கடைசி வாரங்கள்தான் மிகவும் அச்சம் தருபவை, ஏனென்றால் வேலியைப் பிரித்த மறுநாளே பேவர் கல் பதிக்கும் ஆட்கள் வந்துவிடுவார்கள். தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. அதை முன்மாதிரியாகக் காட்டும் உரிமையாளர்கள் அதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மூச்சுத்திணறும் மரத்துக்கு ஒரு மீட்டர் பெரும் விடுதலைதான், ஆனால் புதிதாகத் திட்டமிடும் இடத்தில் ஒரு மீட்டரோடு நிறுத்திக்கொள்ளக் காரணமில்லை. இலுப்பையின் வட்டத்தை அப்படியே மண்ணாக விட்டு, பாதையை அதைச் சுற்றித் திருப்பியிருக்கிறோம்.

இப்போது நான் எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும் இரண்டு கோரிக்கைகள் இடம்பெறுகின்றன. மரவேலிக்கு டெண்டர் பட்டியலில் தனி இனமும் தனித் தொகையும் வேண்டும்; அது இல்லாதவரை எந்த ஒப்பந்ததாரரும் சொந்தச் செலவில் தகரம் வாங்கமாட்டார். மற்றொன்று, குறைகளைச் சரிசெய்யும் பொறுப்புக்காகப் பிடித்துவைக்கும் பணத்தில் ஒரு பங்கை மரங்களுக்காக மூன்று பருவமழை முடியும்வரை விடுவிக்கக்கூடாது. தனி இனத்தை ஏற்றுக்கொண்டார்கள். பிடித்தத்துக்கு மட்டும், கட்டடத்துக்கு உள்ளதுபோல் ஓராண்டுதான் என்கிறார்கள். வேர் நசுங்கிய மரம் முதல் ஆண்டில் தன் சேமிப்பிலிருந்து எப்போதும்போல் துளிர்விடும் என்பதை விளக்கி மீண்டும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.