பச்சை மாவும் ரெண்டு மணி அலாரமும்

ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கள் அடுக்களையில் லைட் எரிந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்போதெல்லாம் ஏன் என்று கேட்பதில்லை. முதல் வருடம் கேட்டார்கள்.

மகனுக்கு நாலு வயது. கிளைகோஜன் ஸ்டோரேஜ் டிசீஸ், டைப் 1ஏ. சாப்பாட்டில் மிஞ்சும் குளுக்கோஸை ஈரல் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்து, வயிறு காலியானதும் திருப்பிக் கொடுக்கும். கொடுப்பதற்கு வேண்டிய நொதி இவனிடம் வேலை செய்யவில்லை. உண்டியலில் காசு விழுகிறது, எடுக்க வழியில்லை. ஈரல் பெருத்துக்கொண்டே போகும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும்.

கைக்குழந்தையில் அவன் கன்னம் ரெண்டும் கொழுக்கட்டை மாதிரி இருக்கும். "பொம்மையாட்டம் இருக்கான், சுத்திப் போடு" என்று தெருவே சொன்னது. எட்டாம் மாதம், ஒரு விடிகாலையில் வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தக் கன்னமும் முட்டிக்கொண்டு நின்ற வயிறும் நோயின் அடையாளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதற்கு முக்கியமான மருந்து மளிகைக்கடையில் கிடைக்கிறது: கார்ன் ஃப்ளார். பச்சையாக, குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம். குடலில் மெதுவாகச் செரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கும். 1984-ல்தான் இதைக் கண்டு எழுதினார்கள். அதற்கு முன்னால் மூக்கில் குழாய் போட்டு ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டியிருந்ததாம். ரெண்டு மணி அலாரத்தைத் திட்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

15 கிலோ பையனுக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் 24 கிராம். எங்கள் டாக்டர் இவனுக்குப் போட்ட கணக்கு இது, ஆளுக்கு ஆள் மாறும். நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றை அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன்.

முதலில் வந்த குழப்பம் மாவில்தான். மாமாவைக் கடைக்கு அனுப்பினால் மஞ்சளாக மக்காச்சோள மாவு வாங்கி வந்தார். அது வேறு, இது வேறு. வேண்டியது வெள்ளையாக, விரலில் தேய்த்தால் நறநறவென்னும் ஸ்டார்ச்.

அடுத்தது அத்தை. மாமியார் என்றாலும் எனக்கு அப்பாவின் கூடப்பிறந்த அத்தைதான். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று யாரோ சொன்னதிலிருந்து அவர் மனசு சரியில்லை. ஒருநாள் நான் பேங்க் வரைக்கும் போயிருந்தேன். "பச்ச மாவக் குடிச்சா புள்ளைக்கு வயித்த வலிக்காதாடி?" என்று, பாசத்தோடு கஞ்சியாகக் காய்ச்சி ஊட்டியிருக்கிறார். காய்ச்சினால் மாவு சீக்கிரமே செரித்துவிடும், நாலு மணி நேரம் தாங்காது. நான் வந்தபோது பையன் வேர்த்து, துவண்டு கிடந்தான். குளுக்கோமீட்டர் 48 காட்டியது. சுத்தமான குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொடுத்த பிறகு கண் முழித்தான். அத்தை அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

வெளியாட்களுக்குப் புரியாதது இன்னொன்று. சர்க்கரை இறங்கும் பிள்ளைக்குச் சர்க்கரை கொடுக்கக் கூடாது. வெல்லம், தேன், பழம், பாலில் உள்ள ஃப்ரக்டோஸும் காலக்டோஸும் ஈரலுக்குள் போய், குளுக்கோஸாக வெளியே வர முடியாமல் லாக்டிக் அமிலமாக ஏறும். ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சியிலேயே "சுகர் கம்மியா? ஒரு சாக்லேட் குடுங்கம்மா" என்றார்கள். காய்ச்சல் சிரப்பிலும் சர்க்கரை இருக்கும், அதனால் மாத்திரையை நுணுக்கித்தான் கொடுக்கிறோம். வாந்தி எடுத்து மாவு தங்கவில்லை என்றால் யோசனையே இல்லை, நேரே போய் டிரிப்ஸ்.

சோறு, இட்லி, பருப்பு, முட்டை எல்லாம் உண்டு. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பஞ்சாமிர்தத்தைத் தவிர்ப்பதுதான் பெரும்பாடு. வாழைப்பழம், சர்க்கரை, தேன், பேரீச்சை, கல்கண்டு: இவனுக்கு ஆகாததையெல்லாம் பட்டியல் போட்டுப் பிசைந்தது மாதிரி. பழனிக்குப் போனால் அத்தை அவனுக்குத் திருநீறு மட்டும் பூசிவிட்டு, தன் பங்குப் பிரசாதத்தையும் வாங்காமல் இறங்கிவிடுகிறார். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

ரெண்டு மணி முறை இப்போது அவருடையது. அலாரத்துக்கு முன்னாலேயே எழுந்துவிடுவார். பையன் கண்ணைத் திறக்காமலே டம்ளரைக் காலி பண்ணிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

நேற்று எடை பார்த்தோம். 16 கிலோ. டாக்டர் 26 கிராம் ஆக்கச் சொன்னார். அத்தை காலண்டரில் 24-ஐ அடித்துவிட்டு, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி பெரிதாக 26 என்று எழுதி வைத்திருக்கிறார்.